‘அதை எடுத்து அங்கே வை’: வகுப்பில் கட்டளை சொல்லப் பழக்குவது

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் வகுப்பில் 26 பிள்ளைகள். ஒரு வேலையைச் சொல்லி முடித்ததும் பாதிப் பேர் ‘என்ன டீச்சர் செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். அவர்களையே கட்டளை சொல்லச் சொன்னால் ‘அதை எடுத்து அங்கே வை’ என்பதோடு நின்றுவிடுகிறது. தெளிவாகச் சொல்லவும் சொன்னபடி செய்யவும் பழக்க என்ன நடவடிக்கைகள் உதவும்? சத்தம் அதிகமானால் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருகிறது, அதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.”

நான் பினாங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவன். நீங்கள் சொல்லும் அந்த ‘அதை, அங்கே’ என் காதில் இன்னும் ஒலிக்கிறது. என் பதில் ஒரு விதத்தில் தலைகீழானது. நாம் வழக்கமாகக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதை முதலில் பழக்கி, சொல்வதைப் பிறகு பழக்குகிறோம். கலைத்திட்டத்திலும் செவிமடுத்தல் முதலில் வருவதால் அதுதான் முறை என்று தோன்றும். சொல்வதை முதலில் பழக்குங்கள். தான் சொன்னது எப்படியெல்லாம் தப்பாகப் போகிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளை, அடுத்தவர் சொல்லும்போது வேறு மாதிரி காது கொடுக்கிறது.

முதல் நாளுக்கு ஒரு ரொட்டிப் பொட்டலம், ஒரு புட்டி காயா (ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாம்), ஒரு வெண்ணெய்க் கத்தி, ஒரு தட்டு போதும். மேசைமேல் வைத்துவிட்டு, “எனக்கு எதுவும் தெரியாது. ரொட்டியில் காயா தடவ எப்படி என்று சொல்லுங்கள், சொன்னதை மட்டும் செய்வேன்” என்று சொல்லுங்கள். முதல் கை தூக்குகிறவன் “காயாவை ரொட்டியில் வையுங்கள் டீச்சர்” என்பான். புட்டியை எடுத்து, ரொட்டிப் பொட்டலத்தின்மேல் வையுங்கள். வகுப்பு சிரிக்கும். அடுத்தவள், “இல்லை டீச்சர், ரொட்டியை வெளியே எடுங்கள்” என்பாள். எல்லாத் துண்டுகளையும் எடுத்து வெளியே அடுக்குங்கள். “ஒன்று! ஒன்று போதும்!” “மூடியைத் திறங்கள்.” மூடியைச் சுழற்றாமல் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு முறை கடைசி வரிசைப் பையன் ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், பொறுக்க முடியாமல் எழுந்து நின்று சொன்னான்: “இடக்கையால் புட்டியைப் பிடியுங்கள். வலக்கையால் மூடியைப் பிடியுங்கள். மூடியை மட்டும் திருகுங்கள்.” அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை தட்டத் தோன்றியது. புட்டியையும் சேர்த்துத் திருகிவிடக்கூடும் என்று அவன் முன்கூட்டியே யோசித்திருக்கிறான்.

ஓர் எச்சரிக்கை. கோமாளித்தனம் எல்லை மீறினால் பிள்ளைகள் டீச்சர் நடிக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சொல் எதற்கு இடம் கொடுக்கிறதோ அந்தத் தவறை மட்டும் செய்யுங்கள். சொல்லாததை வலிந்து செய்யாதீர்கள். கடைசியில் ரொட்டியை வெட்டிப் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். முட்டை ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காயாவில் முட்டை உண்டு.

அன்றைக்கே கரும்பலகையின் ஓரத்தில் நான்கு சொற்களைப் பூட்டி வைத்துவிடுவேன்: அது, இது, அங்கே, இங்கே. பூட்டு ஒன்றும் வரைந்துவிடுவேன். இந்தப் பாட வேளையில் இவற்றைப் பயன்படுத்தக்கூடாது. சுட்டுச்சொல் தப்பான சொல் இல்லை. கண்ணெதிரே இருப்பவருக்குக் கை நீட்டிச் சொல்லும்போது அது போதும். அடுத்த அறையில் இருப்பவருக்கோ தொலைபேசியில் கேட்பவருக்கோ அந்தக் கை தெரியாது என்பதுதான் பிள்ளை உணர வேண்டியது. கைகளையும் கட்டிக்கொள்ளச் சொல்வேன். சுட்டுச்சொல்லைப் பறித்துவிட்டால் பிள்ளை வேறு வழியின்றிப் பெயரைத் தேடும், வேற்றுமை உருபைத் தேடும். ‘மேசைமேல்’, ‘மேசைக்கு அடியில்’, ‘மேசையின் சுவரோரப் பக்கத்தில்’ என்று வாக்கியம் தானாக வளரும்.

ஐந்தாவதாக ஒரு சொல்லையும் பூட்டலாம்: ‘பண்ணு’. நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் கலந்து வளர்கிறார்கள். எந்தச் சொல்லோடும் ‘பண்ணு’ சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் கையால் செய்கிற வேலைகளுக்குத் தமிழில் இருக்கிற வினைச்சொற்களைப் போலக் கட்டளைக்குத் தோதானவை வேறில்லை. தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மடி, சுருட்டு, கசக்கு, நீவு, கிழி, கத்தரி, செருகு, ஒட்டு, பிய். சமையலில் நறுக்கு, அரி, சீவு, துருவு, கிள்ளு, பிசை, தாளி. வெண்டைக்காயை நறுக்கலாம், தேங்காயைத் துருவ வேண்டும், முருங்கைக் கீரையை உருவ வேண்டும். ஒவ்வொரு வினைக்குள்ளும் கை எப்படி அசைய வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. ஒருவர் வினையைச் சொல்ல, மற்றவர் கையில் ஒன்றும் இல்லாமல் செய்து காட்டும் விளையாட்டுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘நீவு’ என்பதற்கும் ‘தடவு’ என்பதற்கும் என் வகுப்பில் ஒரு முறை பெரிய விவாதமே நடந்தது. பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைகள் அன்றைக்குக் கொடி கட்டிப் பறப்பார்கள்.

இனி, நான் மிகவும் நம்புகிற நடவடிக்கை. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வையுங்கள். ஒருத்தியிடம் ஒரு கோலம் வரைந்த தாள். மற்றவனிடம் கணக்கு நோட்டின் கட்டம் போட்ட வெறும் தாள். அவள் சொல்ல, அவன் வரைய வேண்டும். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளிக் கோலம் நான்காம் ஆண்டுக்குச் சரியாக இருக்கும். இதே விளையாட்டைக் கட்டைகளை வைத்தும் வடிவங்களை வைத்தும் உலகம் முழுவதும் ஆசிரியர்கள் விளையாடுகிறார்கள். நான் கோலத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அதிலேயே ஒரு கட்டளை மொழி இருக்கிறது. வாரப் பத்திரிகைகளில் ‘7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி’ என்று ஒரே வரி போட்டிருப்பார்கள். தெரிந்தவருக்கு அதில் எல்லாம் வந்துவிட்டது: நடு வரிசையில் 7, இரு பக்கமும் 6, 5, 4 என்று குறைந்து வருவது, ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இடைவெளியில் விழுவது, மொத்தம் 37 புள்ளி. தெரியாதவருக்கு அது வெறும் எண்கள். இருவருக்கும் பொதுவான சொல் இருந்தால் கட்டளை சுருங்கும், இல்லாவிட்டால் நீட்டித்தான் ஆகவேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வேறு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

இதை மூன்று சுற்றாக நடத்துங்கள். முதல் சுற்றில் வரைகிறவர் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டாவதில் கேள்வி கேட்கலாம், ஆனால் பதில் ஆம் அல்லது இல்லை மட்டும். மூன்றாவதில் இருவரும் தாராளமாகப் பேசலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கோலம், எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1951இல் அமெரிக்காவில் ஹாரல்ட் லெவிட், ரொனால்ட் மியூலர் என்ற இருவர் செவ்வக உருவங்களை வைத்து ஏறக்குறைய இதே சோதனையைச் செய்தார்கள். கேட்பவர் பதிலுக்குப் பேச எவ்வளவுக்கெவ்வளவு இடம் இருந்ததோ, அவ்வளவுக்கு வரைந்தது சரியாக வந்தது. இருவருடைய நம்பிக்கையும் கூடியது. ஆனால் நேரமும் கூடுதலாகச் செலவானது. உங்கள் வகுப்பிலும் அப்படியே நடக்கும். ‘என்ன டீச்சர் செய்ய வேண்டும்?’ என்று கேட்கிற பிள்ளைகள்மீது உங்களுக்கு எரிச்சல் வருகிறதே, அந்த எரிச்சலை இந்த இடத்தில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கேட்கிற பிள்ளை உங்கள் நேரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேலையைச் சரியாக முடிக்கப் பார்க்கிறது. கேட்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளைதான் எனக்குக் கவலை. ஆகவே கேள்வியைத் தடுக்காதீர்கள், கேள்வியைச் சீர்படுத்துங்கள். ‘என்ன செய்ய வேண்டும்?’ என்பதற்குப் பதிலாக ‘இரண்டாவது வரி வரை புரிந்தது, கோடு எந்தப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது?’ என்று கேட்கப் பழக்கினால், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

என் வகுப்பில் கேட்ட ஓர் உரையாடல்:

“நடுப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடு.”

“எவ்வளவு பெரிய வட்டம்?”

“சின்னதாக.”

வரைந்து முடித்துத் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவன் வட்டம் மிளகு அளவில் இருந்தது. அவள் நினைத்தது ஐந்து காசு அளவு. அவளுக்குக் கோபம், அவனுக்கு அதைவிடக் கோபம். ‘சின்னது’ என்றால் எதைவிடச் சின்னது என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த சுற்றில் அவள் சொன்னது: “வட்டத்தின் கோடு, நடுப் புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் சரிபாதியில் போக வேண்டும். எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது.” பத்து வயதுப் பிள்ளை தன் தலைக்குள் இருந்து வெளியே வந்து, அடுத்தவன் தாளில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பேசிய வாக்கியம் அது.

1960களில் கிளக்ஸ்பெர்க், கிராஸ் என்ற உளவியலாளர்கள் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் தடுப்பு வைத்து, பெயர் சொல்ல முடியாத உருவங்கள் கொண்ட கட்டைகளை ஒருவர் சொல்ல மற்றவர் அடுக்க வைத்தார்கள். பிள்ளைகள் தங்களுக்கு மட்டுமே விளங்குகிற பெயர்களைச் சொன்னார்கள். கேட்ட பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதே பெயரைச் சொன்ன பிள்ளையிடமே திருப்பிச் சொன்னபோது, சரியான கட்டையை எடுத்துவிட்டது. ஆக, அந்தச் சொல் அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ‘தெளிவாகச் சொல்’ என்று நாம் அதட்டும்போது பிள்ளை விழிப்பதன் காரணம் இதுதான். அதன் பார்வையில் அது தெளிவாகத்தான் சொல்லிவிட்டது. அதட்டலால் அதை மாற்ற முடியாது. மிளகு அளவு வட்டம் மாற்றும்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஒரு முறை ஓவியப் பாடத்தில், “தாளை மடித்து வெட்டாதீர்கள்” என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதி வகுப்பு தாளை மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மீதி வகுப்பு மடிக்காமலே வெட்டி முடித்திருக்கிறது. இரண்டு பேருமே நான் சொன்னதைத்தான் செய்தார்கள். மடியுங்கள், ஆனால் வெட்டாதீர்கள் என்று ஒரு பாதி. மடித்த நிலையில் வெட்டாதீர்கள் என்று மறு பாதி. தமிழில் வினையெச்சங்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம்: எடுத்து, மடித்து, திருப்பி, ஒட்டி... கடைசி வினைமுற்றில் எதிர்மறை வந்து உட்காரும்போது அது கடைசி வேலையை மட்டும் மறுக்கிறதா, முழுச் சங்கிலியையும் மறுக்கிறதா என்பது குரல் ஏற்ற இறக்கத்தில்தான் தெரியும். கதை சொல்ல அந்தச் சங்கிலி அழகு. கட்டளைக்கு ஆபத்து. அன்றிலிருந்து இரண்டு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, ‘செய்யாதே’ வந்தால் அது தனி வாக்கியம். இதையே நடவடிக்கையாகவும் மாற்றலாம். இப்படி இரட்டைப் பொருள் தரும் கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு குழுவும் இரண்டு விதமாகச் செய்து காட்ட வேண்டும். ‘படத்துக்கு மேலே பெயரை எழுது’ என்பது நல்ல தொடக்கம். படத்தின்மீதா, படத்துக்கு மேற்புறமா? ‘மணி அடிப்பதற்கு முன்னால் நில்’ என்பதை ஒரு குறும்புக்காரப் பெண் கோயில் மணிக்கு முன்னால் நிற்பது போலச் செய்து காட்டினாள்.

எத்தனை கட்டளை ஒரே மூச்சில் சொல்லலாம்? பெரியவர்களே ஒரு நேரத்தில் நான்கு செய்திகளுக்கு மேல் மனத்தில் தாங்கிக்கொள்ளச் சிரமப்படுவார்கள் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். பத்து வயதுக்கு நான் இரண்டோடு நிறுத்துவேன். அதற்கு மேல் இருந்தால் கரும்பலகையில் எண் போட்டு எழுதிவிடுவேன். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘புரிந்தது’ என்று 26 குரலும் ஒரே ராகத்தில் வரும். “முதலில் என்ன செய்யப் போகிறாய்?” என்று ஒரே ஒரு பிள்ளையிடம் கேளுங்கள்.

வழி சொல்லும் பயிற்சிக்கு உங்கள் ஊரிலேயே இடம் தேடிக்கொள்ளலாம். நான் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரை வைத்துச் செய்தேன். படகுத்துறையிலிருந்து மகா மாரியம்மன் கோயிலுக்கு வழி சொல்ல வேண்டும். லெபோ பாசாரில் (மலாயில் லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை) கடலுக்கு முதுகு காட்டி நடந்தால் லெபோ பந்தாய், லெபோ பினாங், லெபோ கிங், லெபோ குவீன் என்று வரிசையாகக் குறுக்குத் தெருக்கள் வரும். கோயில் லெபோ குவீனில். குறுக்குத் தெருக்களை எண்ணிச் சொல்வது பிள்ளைகளுக்கு எளிது. கடினம் வேறு இடத்தில் வந்தது. வீட்டுப்பாடமாகத் தாத்தா பாட்டியிடம் வழி கேட்டு வரச் சொன்னபோது, ‘கிரீன் லேன்’ என்று எழுதி வந்தார்கள். வரைபடத்தில் இருப்பது ஜாலான் மஸ்ஜிட் நெகிரி. ‘பிட் ஸ்திரீட்’ என்றார்கள். பலகையில் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங். பினாங்கில் பாதித் தெருவுக்கு இரண்டு பெயர், சிலவற்றுக்கு நம் மக்கள் வைத்த மூன்றாவது பெயரும் உண்டு. ‘முன்பு சினிமா கொட்டகை இருந்த இடத்தில் திரும்பு’ என்று சொன்ன தாத்தாவும் உண்டு. கேட்பவர் யார், அவருக்கு எந்தப் பெயர் தெரியும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. அதே வழியை ஒரு முறை தாத்தாவுக்கும், ஒரு முறை நேற்று விமானத்தில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிக்கும் சொல்ல வைத்தேன். வலம் இடம் குழம்புகிற பிள்ளைக்குச் ‘சோற்றுக்கைப் பக்கம்’ என்று சொன்னால் குழப்பம் இல்லை. இடக்கையால் சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் மட்டும் வேறு வழி பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் கட்டம் போட்டு ஒரு பிள்ளையை இயந்திர மனிதனாக நிறுத்தி ‘இரண்டு அடி முன்னே, வலம் திரும்பு’ என்று நகர்த்துவது நல்ல விளையாட்டு. இயந்திர மனிதன் சொல்பவரைப் பார்த்து நிற்கும்போது யாருடைய வலம் என்ற கேள்வி எழும்போதுதான் அது சூடு பிடிக்கும். ‘தலைவர் சொன்னால் மட்டும் செய்’ வகை விளையாட்டுகள் கவனத்தைக் கூட்டும், மொழியை வளர்க்காது. மழை நாளில் ஐந்து நிமிடத்துக்குப் போதும். ‘எல்லாக் கேள்விகளையும் முதலில் படி’ என்று தொடங்கி, கடைசி வரியில் ‘பெயரை மட்டும் எழுது’ என்று முடியும் தந்திரத் தாள் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ஏமாந்த பிள்ளை அதில் கற்பது, ஆசிரியர் ஏமாற்றுவார் என்பதைத்தான்.

பல்லாங்குழியும் அதைப் போன்ற மலாய் விளையாட்டான சொங்காக்கும் பள்ளியில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பல்லாங்குழிக்கு 14 குழி. சொங்காக்கில் இரு முனையிலும் ‘வீடு’ என்று இரண்டு பெரிய குழி கூடுதல். ஒன்றை விளையாடத் தெரிந்த பிள்ளை, மற்றதை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு விதிகளைச் சொல்லித்தர வேண்டும். ‘காய் தீர்ந்துவிட்டால்’, ‘வெறுங்குழி வந்தால்’ என்று நிபந்தனை வாக்கியங்கள் எந்த இலக்கணப் பாடமும் இல்லாமல் கொட்டும்.

இரண்டு மூன்று வாரம் வாய்மொழியாகப் போன பிறகு எழுத வையுங்கள். எழுதுவதைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் ‘எடுக்கவும், கலக்கவும், பரிமாறவும்’ என்று சமையல் குறிப்பு நடையில் ஒப்பேற்றிவிடுவார்கள். எழுதியதைத் திருத்துவது நீங்கள் அல்ல. பக்கத்து வகுப்புப் பிள்ளை அதை வைத்து ஒரு காகிதக் கப்பல் செய்ய வேண்டும். கப்பல் வந்தால் எழுத்து சரி. என் வகுப்பு எழுதிய குறிப்பை வைத்துப் பக்கத்து வகுப்பு செய்தது தொப்பியாக முடிந்தது. ‘தேவையான அளவு திருப்பி மடிக்கவும்’ என்று ஒரு வரி; சமையல் குறிப்பில் பெரியவர்கள் உப்புக்கு எழுதுவதைப் பார்த்து, எழுதிய பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடும்போது அந்தத் தொப்பிகளும் கப்பல்களும்தான் உங்களுக்குச் சான்று. பெயர் எழுதிக் கோப்பில் போட்டு வையுங்கள்.

பேசாத பிள்ளைகளை முதல் சுற்றிலேயே சொல்ல வைக்காதீர்கள். வரைய வையுங்கள். தப்பான கட்டளையால் தன் கோலம் கெட்டுப்போனதும் வாய் தானாகத் திறக்கும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 13 சோடி ஒரே நேரத்தில் முதுகோடு முதுகு உட்கார்ந்து பேசினால் சந்தைதான். ஒருவர் குரலை மிஞ்ச மற்றவர் கத்துவார். ஐந்து சோடி பேசட்டும். மீதிப் பேர் சுற்றி நின்று, பூட்டிய சொல் எத்தனை முறை வந்தது என்று தாளில் கோடு போட்டு எண்ணட்டும். எண்ணுகிறவர்கள் காது கொடுக்க வேண்டியிருப்பதால் அவர்களே மற்றவர்களை அடக்கிவிடுவார்கள். காயா ரொட்டி நாளில் மட்டும் இது உதவாது. அன்றைக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, அவருக்கும் இரண்டு துண்டு எடுத்து வையுங்கள்.